கம்பைலருக்கு உறை ஊத்துறது யாரு?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

இன்னைக்கு ஒரு எரர் மெசேஜ்ல இருந்து ஆரம்பிக்கலாம்.

2010-களின் நடுவுல, ஃப்ரீபிஎஸ்டி ஆப்பரேட்டிங் சிஸ்டத்துல பைத்தான் வெச்சு கணக்கு வேலை பார்த்தவங்களுக்கு இது பழக்கமான தலைவலி. நம்பை மாதிரி ஒரு லைப்ரரியை இம்போர்ட் பண்ணுவாங்க. உடனே ப்ரோகிராம் நின்னுடும். "ஃபோர்ட்ரான் லைப்ரரி ஜிசிசி 4.6.0-க்கான அடையாளத்தைக் கேக்குது, ஆனா லிப்ஜிசிசி கோப்புல அது இல்லை"ன்னு மெசேஜ் வரும். வேடிக்கை என்னன்னா, அந்த அடையாளம் உள்ள லிப்ஜிசிசி அதே மெஷின்லதான் இருக்கும். இன்னொரு டைரக்டரியில. ஒரே பெயர்ல ரெண்டு கோப்பு, ஒண்ணு பழசு, ஒண்ணு புதுசு. ப்ரோகிராம் ஓட ஆரம்பிக்கும்போது பழசு முதல்ல மெமரிக்குள்ள வந்து உட்கார்ந்துடும். அப்புறம் புதுசுக்கு இடம் கிடையாது.

ஒரு மெஷின்ல ஏன் ரெண்டு லிப்ஜிசிசி இருந்தது? இந்தக் கேள்விக்கான பதில்தான் இன்னைக்கு எபிசோட். அதுல லைசென்ஸ் சண்டை இருக்கு, கோழியா முட்டையா பிரச்சினை இருக்கு, ஒரு கம்ப்யூட்டர் ரகமே ஒரு சிஸ்டத்துல இருந்து வெளியேறின கதை இருக்கு. நடுவுல, "கம்பைலர் பேக்கேஜை நான் பார்த்துக்கிறேன்"னு தன் பெயரை எழுதிக் கொடுத்த சிலர் இருக்காங்க.

ஃப்ரீபிஎஸ்டி பெயர் புதுசா இருந்தா ஒரு வரி சொல்லிடறேன். 1993-ல பிறந்த யூனிக்ஸ் வகை சிஸ்டம். நீங்க நெட்ஃபிளிக்ஸ்ல படம் பார்க்கும்போது வீடியோவை அனுப்புற சர்வர்கள் ஓடுறது இதுலதான். பிளேஸ்டேஷன் 4-ன் சிஸ்டமும் இதுல இருந்து வந்ததுதான்.

இந்த சிஸ்டத்துக்குள்ள ரெண்டு உலகம் இருக்கு. ஒண்ணு 'பேஸ்'. கெர்னல், சி லைப்ரரி, தினசரி கமாண்டுகள் எல்லாம் ஒரே மரத்துல, ஒரே குழு சேர்ந்து வளர்க்கிறது. இன்னொண்ணு 'போர்ட்ஸ்'. வெளியில மத்தவங்க எழுதின மென்பொருளை இந்த சிஸ்டத்துல கட்டுறதுக்கான சமையல் குறிப்புகளோட தொகுப்பு. ஜோர்டன் ஹப்பர்ட் 1994 ஆகஸ்ட்ல இதுக்கான மேக் விதிகளைச் சேர்த்தார். ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒரு டைரக்டரி. அதுல ஒரு மேக்ஃபைல்: சோர்ஸ் எங்க கிடைக்கும், வேற எது எது முதல்ல வேணும், எப்படிக் கட்டணும். கூடவே, இறக்கின கோப்பு சரியானதுதானான்னு பார்க்க ஒரு செக்சம். இந்த சிஸ்டத்துக்கு ஒத்துவராத இடங்களைத் திருத்துற பேட்ச்கள். "மேக் இன்ஸ்டால்"னு அடிச்சா மிச்சத்தை அது பார்த்துக்கும். இந்த யோசனை ஓப்பன்பிஎஸ்டிக்கும் போச்சு, நெட்பிஎஸ்டியிலயும் பேக்கேஜ்சோர்ஸ்ங்கிற பெயர்ல வளர்ந்தது.

மேக்ஃபைல்ல ஒரு வரி ரொம்ப முக்கியம். மெயின்டெய்னர் யாருன்னு சொல்ற வரி. ஒரு மின்னஞ்சல் முகவரி, அவ்வளவுதான். அந்த மென்பொருளை எழுதினவர் அவர் இல்லை. சம்பளமும் பெரும்பாலும் கிடையாது. எழுதினவங்களுக்கும் பயன்படுத்துறவங்களுக்கும் நடுவுல நிக்கிறவர். புது பதிப்பு வந்தா குறிப்பைத் திருத்தணும், யாராவது "கட்ட முடியலை"ன்னு எழுதினா பதில் சொல்லணும். ரெண்டு வாரத்துக்குள்ள பதில் வரலைன்னா, மத்தவங்க அவரைக் கேட்காமலே திருத்தம் போடலாம்னு விதி இருக்கு. மூணு மாசம் சத்தமே இல்லைன்னா அந்த வரியில இருந்து பெயரையே எடுத்துடலாம்.

ஒரு கேமுக்கோ, டெக்ஸ்ட் எடிட்டருக்கோ இந்த வேலை சின்ன வேலை. தப்பு நடந்தா அந்த எடிட்டர் மட்டும்தான் ஓடாது. கம்பைலர் அப்படி இல்லை. அதுல கை வெச்சா, அதை வெச்சுக் கட்டுற எல்லாமே ஆடும்.

ஆனா ரொம்ப காலத்துக்கு போர்ட்ஸ்ல இருக்கிற கம்பைலரைப் பத்தி யாரும் பெருசா கவலைப்படலை. ஏன்னா முக்கியமான கம்பைலர் பேஸ்லயே இருந்தது. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1987-ல வெளியிட்ட ஜிசிசிதான் அது. யூனிக்ஸ் வாங்கினா சி கம்பைலர் உள்ளேயே இருக்கணும்ங்கிறது அந்தக் காலத்து எதிர்பார்ப்பு. அடுப்பு இல்லாத வீட்டை யார் வாடகைக்கு எடுப்பா?

அப்புறம் 2007 வந்தது.

ஜூன் 29-ம் தேதி ஜிபிஎல் லைசென்ஸின் மூணாவது பதிப்பு வெளியானது. அதுல இருந்த ஒரு முக்கியமான ஷரத்து இது: இந்த மென்பொருளை வீட்டுச் சாதனங்களுக்குள்ள வெச்சு வித்தா, வாங்கினவர் அதைத் திருத்தி மறுபடி அதே சாதனத்துல போட்டுக்கத் தேவையான தகவலையும் கொடுக்கணும். டிவோங்கிற வீடியோ ரெக்கார்டர் லினக்ஸை வெச்சுக்கிட்டே, திருத்தின லினக்ஸை ஓடவிடாம பூட்டினதுதான் இதுக்குத் தூண்டுகோல். பயனருக்கு இது நியாயமான உரிமை, அதுல எனக்கு சந்தேகமே இல்லை. ஆனா ஃப்ரீபிஎஸ்டியை எடுத்துத் தங்களோட பெட்டிகளுக்குள்ள வெச்சு விக்கிற கம்பெனிகள் இருந்தாங்க. ஜூனிப்பரோட ரவுட்டர்கள் ஓர் உதாரணம். "எடுத்துக்கோ, என்ன வேணா பண்ணிக்கோ"ங்கிறதுதான் பிஎஸ்டி மரபு. அதனால மூணாவது ஜிபிஎல்ல வர்ற கோடு பேஸுக்குள்ள வராதுன்னு ஃப்ரீபிஎஸ்டி முடிவு பண்ணியது. ஆப்பிளும் இதே கோட்டைத்தான் போட்டது.

இடையில ஒரு தவறான நம்பிக்கையைத் தெளிவுபடுத்திடறேன். ஜிசிசியில கம்பைல் பண்ணா உங்க ப்ரோகிராமும் ஜிபிஎல் ஆயிடும்னு சிலர் சொல்வாங்க. ஆகாது. கூட ஒட்டிக்கிட்டு வர்ற லைப்ரரிகளுக்குன்னு தனி விதிவிலக்கே எழுதி வெச்சிருக்காங்க. இங்க பிரச்சினை கம்பைலரையே சேர்த்து விநியோகிக்கிறதுலதான்.

ஜூலை 18-ம் தேதி ஜிசிசி 4.2.1 வந்தது. பழைய லைசென்ஸ்ல வந்த கடைசி வெளியீடு அதுதான். ஃப்ரீபிஎஸ்டியோட பேஸ் கம்பைலர் அங்கேயே நின்னது. பல வருஷம் கழிச்சு நீங்க கம்பைலரோட வெர்ஷன் கேட்டாலும் "4.2.1 20070831"னு பதில் வரும். 2007 ஆகஸ்ட் 31. தேதியே பெயராகிப் போச்சு.

கம்பைலர் மட்டும் நிக்கலை. அசெம்ப்ளரும் லிங்க்கரும் இருக்கிற பின்யூட்டில்ஸ் தொகுப்பும் இதே காரணத்தால 2.17 காலத்துலயே நின்னுடுச்சு. வெளி உலகம் நிக்கலையே! 2011-ல சி++11 தரம் வந்தது. அதே வருஷம் இன்டெல் சிப்கள்ல ஏவிஎக்ஸ் கட்டளைகள் வந்தன. பேஸ்ல இருந்த கம்பைலருக்கு அந்த சி++ தெரியாது, அசெம்ப்ளருக்கு அந்தக் கட்டளைகள் தெரியாது. புதுசா எழுதப்படுற மென்பொருள் எல்லாம் இதைத்தான் கேட்டது.

அப்போ எங்க போறது? போர்ட்ஸுக்குத்தான்.

போர்ட்ஸ்ல மூணாவது ஜிபிஎல்லுக்குத் தடை இல்லை. அது உங்க மெஷின்ல நீங்களா விரும்பி இன்ஸ்டால் பண்றது. ஜிசிசி போர்ட்களை வருஷக்கணக்கா கவனிச்சுக்கிட்டவர் ஜெரால்ட் ஃபைஃபர். ஜிசிசி திட்டத்தோட வழிகாட்டுக் குழுவிலயும் இருக்கிறவர், அதனால ரெண்டு கரையும் தெரியும். 4.6, 4.7, 4.8னு ஒவ்வொரு கிளைக்கும் தனித்தனி போர்ட். ஒண்ணோட ஒண்ணு இடிக்காம ஒரே மெஷின்ல எல்லாம் இருக்கணும், அதனால ஒவ்வொண்ணுக்கும் தனி லைப்ரரி டைரக்டரி. இன்னும் வெளியாகாத கிளைகளுக்கும் போர்ட் உண்டு. ஜிசிசி குழு வாராவாரம் வெளியிடுற ஸ்னாப்ஷாட்டை எடுத்து இங்கே கட்டிப் பார்க்கிறது. ஃப்ரீபிஎஸ்டியில உடையுற விஷயம் இறுதி வெளியீட்டுக்கு முன்னாடியே தெரிஞ்சா, ஜிசிசிக்குள்ளேயே சரி பண்ணிடலாம். பேட்ச் சுமக்க வேண்டாம். நல்ல மெயின்டெய்னரோட போர்ட்ல பேட்ச் கம்மியாத்தான் இருக்கும்ங்கிறது என் அபிப்பிராயம்.

இப்போ அந்த ரெண்டு லிப்ஜிசிசி எங்கிருந்து வந்ததுன்னு புரிஞ்சிருக்கும். பேஸ்ல 2007-ன் வாரிசு. போர்ட்ஸ்ல புதுசு. பைத்தான் பேஸ் கம்பைலர்ல கட்டினது, நம்பை அடியில வெச்சிருக்கிற ஃபோர்ட்ரான் கணித லைப்ரரிகள் போர்ட்ஸ் ஜிசிசியில கட்டினது. ரெண்டும் ஒரே ப்ராசஸுக்குள்ள சந்திக்கும்போது வெடிக்கும். புது லைப்ரரி இருக்கிற டைரக்டரியை பைனரிக்குள்ளேயே பொறிச்சு வைக்கிறதுதான் வழக்கமான மருந்து. ஆனா அதை ஒவ்வொரு போர்ட்டா பண்ணணும். ஒண்ணு விட்டுப்போனா மறுபடி அதே மெசேஜ்.

அடுத்து, 'டீஃபால்ட்' ஜிசிசியை மாத்துறது. நிறைய போர்ட்கள் "எனக்கு ஏதோ ஒரு ஜிசிசி வேணும்"னு மட்டும் எழுதியிருக்கும். அந்த 'ஏதோ ஒண்ணு' எதுன்னு ஒரு பொதுக் கோப்புல ஒரே ஓர் எண் இருக்கும். 4.8-ஐ 4.9 ஆக்குறதுக்கு ஒரு வரி மாத்தினா போதும். ஆனா அந்த ஒரு வரிக்கு முன்னாடி, 20,000-க்கும் மேல இருக்கிற போர்ட்களையும் புது அமைப்புல ஒருமுறை கட்டிப் பார்ப்பாங்க. எக்ஸ்பி-ரன்னு பெயர். எது எது உடைஞ்சதுன்னு பட்டியல் வரும். பட்டியல்ல இருக்கிற பல மென்பொருளை எழுதினவங்க அதை விட்டுப் போய் பல வருஷம் ஆகியிருக்கும்.

உடையுறதுக்கு ஓர் உதாரணம் சொல்றேன். சி மொழியில ஒரு குளோபல் வேரியபிளை ஹெடர் கோப்புல 'எக்ஸ்டர்ன்' போடாம எழுதிட்டா, அது ஒவ்வொரு கோப்புலயும் தனித்தனியா உருவாகும். பழைய ஜிசிசி "பரவாயில்லை"ன்னு எல்லாத்தையும் ஒண்ணா சேர்த்துடும். 2020-ல வந்த ஜிசிசி 10 அந்தச் சலுகையை டீஃபால்ட்டா நிறுத்திடுச்சு. இருபது வருஷமா ஓடிக்கிட்டிருந்த ப்ரோகிராம்கள் ஒரே நாள்ல லிங்க் ஆகாம நின்னுச்சு. கம்பைலர் செஞ்சது சரிதான். ஆனா புகார் முதல்ல வர்றது கம்பைலர் மெயின்டெய்னர் வாசலுக்கு.

இதுக்கு நடுவுல பேஸுக்குப் புது வழி பிறந்தது. இல்லினாய் பல்கலைக்கழகத்துல கிறிஸ் லாட்னர் 2000-ல ஆரம்பிச்ச எல்எல்விஎம், அதுக்கு மேல ஆப்பிள் 2007-ல திறந்து வெச்ச கிளாங். லைசென்ஸ் பிரச்சினை இல்லை. 2012 ஜனவரியில ஃப்ரீபிஎஸ்டி 9.0-ல கிளாங் ஜிசிசிக்குப் பக்கத்துல வந்து உட்கார்ந்தது. 2014 ஜனவரியில 10.0 வந்தபோது இன்டெல், ஏஎம்டி மெஷின்கள்ல அதுவே டீஃபால்ட். ஓப்பன்பிஎஸ்டியும் 4.2.1-லயே நின்ன சிஸ்டம்தான். அவங்க அதே மாற்றத்தை 2017 அக்டோபர்ல, 6.2-லதான் செஞ்சாங்க.

"அப்பாடா"ன்னு நினைக்காதீங்க. கிளாங்கோட புது சி++ லைப்ரரியும் வந்தது. அதுக்கும் ஜிசிசியோட சி++ லைப்ரரிக்கும் உள்ளமைப்பு வேற. ஒரு லைப்ரரியை கிளாங்ல கட்டி, அதைப் பயன்படுத்துற ப்ரோகிராமை போர்ட்ஸ் ஜிசிசியில கட்டினா, சாதாரண ஸ்ட்ரிங்குக்குக்கூட ரெண்டு பேரும் வேற வேற பெயர் வெச்சிருப்பாங்க. ஒட்டாது. அதுவரைக்கும் "பேஸ் கம்பைலர்ல ஆகலையா, ஜிசிசியைப் போடு"ன்னு இருந்த சுலபமான வழி, சி++ விஷயத்துல முட்டுச்சந்தாச்சு.

சரி, இப்போ கோழி-முட்டை.

வீட்ல தயிர் தீர்ந்துபோச்சு, பால் இருக்கு. தயிர் ஆக்கணும்னா கொஞ்சம் தயிர் வேணும். பக்கத்து வீட்ல போய் உறைமோர் வாங்கிட்டு வருவோம். கம்பைலரும் அப்படித்தான். ஒரு மொழியோட கம்பைலர் அதே மொழியில எழுதப்பட்டிருந்தா, அதைக் கட்ட அதோட பழைய பதிப்பு ஒண்ணு வேணும். ஜிசிசியை எடுத்துக்கோங்க. முதல்ல சிஸ்டம்ல இருக்கிற கம்பைலர் ஒரு ஜிசிசியைக் கட்டும். அந்த ஜிசிசி தன்னையே மறுபடி கட்டும். அது இன்னொரு தடவை கட்டும். ரெண்டாவதும் மூணாவதும் ஒண்ணுபோல இருக்கான்னு ஒப்பிட்டுப் பார்க்கும். பழைய மெஷின்ல போட்டா மணிக்கணக்கா ஓடும்.

பக்கத்து வீட்டு உறைமோருக்கு என் மனசுக்குப் பிடிச்ச உதாரணம் ஜாவா. 2000-களின் தொடக்கத்துல ஃப்ரீபிஎஸ்டியில நேட்டிவ் ஜேடிகே 1.4 கட்டணும்னா, சன் நிறுவனத்தோட தளத்துக்கு நீங்களே போய், லைசென்ஸை ஒத்துக்கிட்டு, சோர்ஸை இறக்கி போர்ட்ஸ் சொல்ற இடத்துல வைக்கணும். போர்ட் தானா இறக்க அனுமதி இல்லை. அப்புறம் ஜாவாவைக் கட்ட ஜாவா வேணுமே? அதுக்கு லினக்ஸ் ஜேடிகேவை லினக்ஸ் எமுலேஷன்ல ஓட்டி, அதை வெச்சு ஃப்ரீபிஎஸ்டி ஜாவாவைக் கட்டணும். 2006 ஏப்ரல்ல ஃப்ரீபிஎஸ்டி ஃபவுண்டேஷன் சன்கிட்ட லைசென்ஸ் வாங்கி, கட்டி முடிச்ச ஜேடிகே 1.5 பைனரியையே கொடுத்தது. அடுத்த வருஷம் சன் ஜாவாவைத் திறந்து விட்டது.

கோ மொழியில ஏணி ஏறணும். 1.4 வரைக்கும் கம்பைலர் சி-யில இருந்தது. 2015-ல 1.5 முழுக்க கோ மொழிக்கு மாறிடுச்சு. அதனால 1.4-ஐ உறைமோரா தனி போர்ட்டாவே வெச்சிருந்தாங்க. அப்புறம் 1.20-ஐக் கட்ட 1.17 வேணும்னாச்சு, 1.22-க்கு 1.20 வேணும். ரஸ்ட் இன்னும் கடுமை. முதல் கம்பைலர் ஓகேமல்ல இருந்தது, 2011-ல அது தன்னைத் தானே கட்டிக்க ஆரம்பிச்சது. இப்போ ஆறு வாரத்துக்கு ஒரு பதிப்பு, ஒவ்வொண்ணையும் கட்ட முந்தின பதிப்பு. பிரபலமில்லாத ஒரு சிப்புக்கு அந்த முந்தின பதிப்பை ரஸ்ட் குழு தரலைன்னா, யாராவது வேற மெஷின்ல கிராஸ்-கம்பைல் பண்ணி எங்கயாவது வெச்சிருக்கணும். அந்த 'யாராவது' பெரும்பாலும் போர்ட் மெயின்டெய்னர்தான்.

இங்கதான் நம்பிக்கைங்கிற விஷயம் வருது. யூனிக்ஸை உருவாக்கின கென் தாம்சன் 1984-ல டூரிங் விருது உரையை அச்சிட்டபோது ஒரு பயங்கரத்தைச் சொன்னார். லாகின் ப்ரோகிராமைக் கம்பைல் பண்ணும்போது ரகசியக் கதவு ஒண்ணைச் செருகுற கம்பைலர். அது தன்னையே கம்பைல் பண்ணும்போதும் இந்த வித்தையை மறுபடி செருகிடும். அப்புறம் சோர்ஸ்ல இருந்து தடயத்தை அழிச்சுடலாம், பைனரியில மட்டும் பரம்பரையா ஓடிக்கிட்டே இருக்கும். போர்ட்ஸ்ல இருக்கிற செக்சம், இறக்கின உறைமோர் மெயின்டெய்னர் வெச்ச அதே உறைமோர்தானான்னு சொல்லும். அந்த உறைமோர் நல்லதான்னு சொல்லாது. அங்க நீங்க நம்புறது மேக்ஃபைல்ல இருக்கிற அந்த ஒரு பெயரைத்தான்.

கடைசியா 2020. பேஸ்ல கிளாங் டீஃபால்ட் ஆகி ஆறு வருஷம் ஆகியும் 4.2.1 மரத்துல இருந்து போகலை. கிளாங்குக்கு மாறாத சில சிப் ரகங்கள் அதை நம்பி இருந்தன. சிலதுக்கு போர்ட்ஸ் கைகொடுத்தது. புது ஜிசிசியை கிராஸ்-கம்பைலரா ஒரு பேக்கேஜ் ஆக்கி, அதை வெச்சு பேஸையே கட்டினாங்க. ஒரு காலத்துல போர்ட்ஸுக்குக் கம்பைலர் கொடுத்தது பேஸ். இப்போ தலைகீழ்! 2020 தொடக்கத்துல பழைய ஜிசிசியை எடுத்தாங்க. நவீன கம்பைலருக்கு மாறாத ஸ்பார்க்64-ம், அதாவது சன் நிறுவனத்தோட அல்ட்ராஸ்பார்க் மெஷின்களுக்கான ஆதரவும், அதோட போச்சு. அந்த மெஷின்கள் கெட்டுப்போகலை. கரன்ட் கொடுத்தா ஓடும். அதுக்குக் கம்பைலரைத் தாங்கிப் பிடிக்கப் போதுமான ஆள் இல்லை, அவ்வளவுதான். 2021 ஏப்ரல்ல வந்த 13.0-ல ரெண்டும் இல்லை.

2007-ல எடுத்த முடிவோட தடயத்தை நீங்களும் பார்க்கலாம். ஆப்பிள் மேக் வெச்சிருக்கவங்க, டெவலப்பர் டூல்ஸ் போட்டிருந்தா, டெர்மினலைத் திறந்து ஜிசிசியோட வெர்ஷனைக் கேளுங்க. கமாண்டோட பெயர் ஜிசிசிதான். பதில் சொல்றது கிளாங்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.